மேல்கொம்பைக்குப் போன சம்பந்தி

நீலகிரியில் மண் சரிந்து வீடுகள் புதைந்துவிட்டன என்று டி.வி.யில் சொன்ன அன்று மத்தியானம், அமலராணி உலையை அடுப்பில் ஏற்றிவிட்டு அடுப்பைப் பற்றவைக்க மறந்துபோயிருந்தாள். தாம்பரம் சண்முகம் சாலையில் மீன் விற்றுவிட்டு இரும்புலியூர் வீட்டுக்குள் நுழைந்த குப்பம்மாதான் அதைப் பார்த்தாள். அரிசி பச்சைத் தண்ணீரில் ஊறிக்கொண்டிருந்தது. மருமகள் பக்கத்திலேயே நின்று கரண்டியால் அதைக் கிளறிக்கொண்டிருந்தாள்.

குப்பம்மா தீக்குச்சியைக் கிழித்து அடுப்பைப் பற்றவைத்தாள்.

உள்ளே கட்டிலில் குணா படுத்திருந்தான். போன மாதம் பைக்கில் இருந்து விழுந்து, தொடை முதல் குதிகால் வரை மாவுக்கட்டு. கையில் செல்போன்.

"லைன் கெடைக்கலம்மா. காலைலேந்து அடிச்சுகினு கீறோம். அவங்க அப்பா, பக்கத்து வூட்டு நம்பர், சர்ச் நம்பர், ஒண்ணுமே போவல."

அமலராணியின் ஊர் கோத்தகிரிக்கு அப்பால், மேல்கொம்பை. தேயிலைத் தோட்டத்து லைன் வீடுகள், ஒரே வரிசையாக ஒட்டிக் கட்டியவை. அவள் தாம்பரம் மெப்ஸ் ஏற்றுமதி வளாகத்தில் ஒரு கம்பெனிக்கு வேலைக்கு வந்து, ஹாஸ்டலில் தங்கி, அதே கம்பெனியில் இருந்த குணாவைக் கட்டிக்கொண்டவள். குப்பம்மாவுக்குத் தன் தம்பி எத்திராஜின் மகள் சத்யப்ரியாவை மகனுக்கு எடுக்க வேண்டும் என்று ஆசை. சர்ச்சுக்குப் போகிற வேதக்காரப் பெண், தோட்டத்துப் பெண், எந்த ஊர் எந்த ஜனம் என்று தெரியாத பெண் என்று என்னென்னவோ சொல்லிப் பார்த்தாள். குணா கேட்கவில்லை. கல்யாணத்துக்கு அவள் போகவும் இல்லை. மலையில் இருந்து பெண்ணின் அப்பா அம்மா ஆரஞ்சும் கேரட்டும் மூட்டை கட்டிக்கொண்டு வந்து, மாப்பிள்ளையின் அம்மா வருவாள் வருவாள் என்று கோயில் வாசலில் நின்றிருந்தார்கள் என்று எத்திராஜ் பிற்பாடு சொன்னான். எத்திராஜ் போயிருந்தான். தன் மகளுக்குக் கேட்ட மாப்பிள்ளை ஆயிற்றே என்று அவன் மனதில் எதுவும் வைத்துக்கொள்ளவில்லை.

அமலராணி முழுகாமல் இருக்கிறாள் என்றதும்தான் குணா அவளை இந்த வீட்டுக்கு அழைத்து வந்தான். குப்பம்மா "வா" என்றாள். அதற்குப் பிறகு சாப்பிட்டியா, மாத்திரை போட்டியா. அவ்வளவுதான் இரண்டு பேருக்கும் பேச்சு.

சாயங்காலம் டி.வி.யில் மறுபடியும் காட்டினார்கள். அரபிக்கடலில் கிளம்பிய புயல் மழை மலையிலே கொட்டுகிறது, செத்தவர்கள் எண்ணிக்கை கூடிக்கொண்டே போகிறது, பல கிராமங்களுக்கு வழியே இல்லை என்றார்கள். செம்மண் குழம்பில் ஒரு கதவு மட்டும் நின்றுகொண்டிருந்தது. அமலராணி அந்தக் கதவின் நிறத்தைக் கிட்டே போய்ப் பார்த்தாள்.

"எங்க வீடு இல்ல" என்றாள். பிறகு, யாரிடம் என்று இல்லாமல், "எங்க லைனுக்குப் பின்னாடியே மேடு. அந்த மேட்டு மண்ணு மழை நாள்ல எப்பவுமே ஊறி சொட்டும்" என்றாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். "நான் போறேன். நானே போய் பாத்துட்டு வந்துடறேன்."

"அஞ்சு மாசத்துல மலை ஏறப்போறியா? நான் கட்ட அவுத்துட்டு வரேன்" என்று குணா எழப்பார்த்தான்.

"எவளும் போவ வேணாம், எவனும் போவ வேணாம்" என்றாள் குப்பம்மா. "நான் போறேன்."

இரண்டு பேரும் அவளைப் பார்த்தார்கள்.

"நீ மெட்ராஸ வுட்டு எங்கனா போயிருக்கியாம்மா?"

"திருப்பதி போவல? அதுவும் மலதானடா."

எத்திராஜிடம் ஒரு மினி லாரி இருந்தது. ஜி.எஸ்.டி. ரோட்டில் அரிசிக் கடை வைத்திருக்கும் தட்சிணாமூர்த்தி, கடைக்காரர்களிடம் நிவாரணச் சாமான் திரட்டி அந்த வண்டியைத்தான் மலைக்கு அமர்த்தியிருந்தார். ஒரு காலத்தில் இரும்புலியூரில் ஏர் ஓட்டிய குடும்பம். நிலமெல்லாம் வீட்டுமனை ஆன பிறகு அரிசி வியாபாரம். குப்பம்மா மறுநாள் அவர் கடை முன்னால் போய் நின்று விஷயத்தைச் சொன்னாள். அவர் கொஞ்ச நேரம் யோசித்தார். முன் சீட்டில் மூன்று பேர் உட்கார்ந்தால் முட்டி இடிக்கும்.

"வாங்க. உங்க சொந்தக்காரங்க இருக்கற ஊருக்கே போயிடலாம். எந்த ஊருக்குப் போறதுன்னு எனக்கும் தெரியலதான்" என்றார். பிறகு கேட்டார்: "சுனாமி அப்ப நீங்க கானத்தூர் குப்பத்துலதானே இருந்தீங்க? அன்னிக்கு வந்ததுல எது உங்களுக்கு ஒதவுச்சு?"

குப்பம்மா பதில் சொல்லக் கூச்சப்பட்டாள். கடல் வீட்டை அடித்துக்கொண்டு போன அந்த நாட்களில் ஈ.சி.ஆர். ஓரத்தில் பழைய துணி மலை மாதிரி குவிந்து கிடந்தது. அதில் கோட்டு இருந்தது, டை இருந்தது. "பொம்பளைங்களுக்கு உள்பாவாட வோணும் சார். மாசாமாசம் வெக்கற துணி வோணும். அத எவரும் குடுக்கல."

தட்சிணாமூர்த்தி தலையாட்டிவிட்டு வீட்டுக்குப் போன் போட்டார். அவர் மனைவி தாயாரம்மாள் மாலைக்குள் தாம்பரம் மார்க்கெட்டில் உள்பாவாடையும் சேலையுமாக இரண்டு பெரிய மூட்டை வாங்கி அனுப்பினாள். தார்ப்பாய், தீப்பெட்டி, மெழுகுவத்தி, காய்ச்சல் மாத்திரை எல்லாம் அவர் ஏற்பாடு. குப்பம்மா தன் பங்குக்கு ஒரு கூடை கருவாடு ஏற்றினாள்.

"அரிசி பூரா வாசன அடிக்குமே குப்பம்மா."

"அடிக்கட்டும் சார். வெறும் சோத்த எப்டித் துன்னுவாங்க?"

மேட்டுப்பாளையத்தில் மழை விட்டிருந்தது. குன்னூர் சாலை முழுக்க அடைபட்டிருந்தது. கோத்தகிரி சாலையில் சின்ன வண்டிகளை மட்டும் ஒவ்வொன்றாக விட்டார்கள். மலையைப் பார்த்ததும் குப்பம்மா, வண்டி ஓட்டிய எத்திராஜின் தோளைப் பிடித்துக்கொண்டாள். பிடித்த கையை மேலே போய்ச் சேரும் வரைக்கும் எடுக்கவில்லை. வழி நெடுக மண்ணும் மரமும் சாலையில் விழுந்து கிடந்தன.

கோத்தகிரியில் ஒரு கல்யாண மண்டபத்தில் சாமான்களை இறக்கச் சொன்னார்கள். உள்ளே ஜன்னல் உயரத்துக்குப் பழைய துணி. ரொட்டிப் பாக்கெட்டுகளில் பச்சையாகப் பூசணம் பூக்க ஆரம்பித்திருந்தது. பொறுப்பில் இருந்த இளம் அதிகாரிக்குக் குரல் கட்டிப்போயிருந்தது.

"சாமான் இருக்கு சார். அதைக் கொண்டுபோக ரோடும் இல்ல, ஆளும் இல்ல. எல்லாரும் இங்கயே இறக்கிட்டுப் போட்டோ எடுத்துட்டுப் போயிடறாங்க. மேல்கொம்பையா? அங்க இன்னும் யாரும் போகல. ரோடு வழியில அறுந்துடுச்சு."

"அங்க கீறவங்க?" என்றாள் குப்பம்மா.

"தகவல் வரலம்மா."

தட்சிணாமூர்த்தி வண்டியில் இருந்து சாமானை இறக்கவில்லை. அறுந்த இடம் வரை போய்ப் பார்க்கிறோம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தார்.

பாதி வழியில் ஒரு சின்ன ஊர். வண்டிச் சத்தம் கேட்டு ஜனங்கள் சாலையில் வந்து குறுக்கே நின்றுவிட்டார்கள். சண்டை போடவில்லை. சும்மா நின்றார்கள். எங்களுக்கும் எதுவும் வரவில்லை, எல்லா வண்டியும் டவுனோடு நின்றுவிடுகிறது என்றார் ஒரு பெரியவர்.

தட்சிணாமூர்த்தி கீழே இறங்கினார். குப்பம்மா இறங்கவில்லை. "சார், இங்கியே குடுத்துட்டா மேல கீறவங்களுக்கு இன்னா குடுக்கறது? அந்தப் பொண்ணு ஊருக்குன்னு ஏத்திகினு வந்தது இது" என்றாள். 

"இவங்களும் நனைஞ்சுதான் நிக்கறாங்க குப்பம்மா."

அவள் கண்ணாடி வழியாக வெளியே பார்த்தாள். ஒருத்தி யூரியா சாக்கைக் கிழித்து அதில் குழந்தையைச் சுற்றி வைத்திருந்தாள். குழந்தையின் கால் மட்டும் வெளியே தெரிந்தது. குப்பம்மா அந்தக் காலைப் பார்த்தாள். பிறகு கதவைத் திறந்து இறங்கி, தானே பின்பக்கம் ஏறி மூட்டைகளைத் தள்ளினாள். சரிபாதி அங்கே இறங்கியது. தார்ப்பாயை மட்டும் கொஞ்சம் கூடுதலாகவே கொடுத்தாள்.

அந்த ஊர்க்காரர்கள் சிலர் வண்டியில் தொற்றிக்கொண்டார்கள். மேல்கொம்பையில் அவர்களுக்குப் பெண் கொடுத்த வீடுகள் இருந்தன. கொடுக்கச் சாமான் எதுவும் இல்லாமல் வெறுங்கையோடு போயும் புண்ணியமில்லை என்று காத்திருந்தவர்கள்.

சாலை அறுந்த இடத்தில், சாலை இருந்த அடையாளமே இல்லை. மேலிருந்து கீழ் வரை சிவப்பு மண். வேரோடு பிடுங்கிய தேயிலைச் செடிகள் தலைகீழாக ஒட்டிக்கொண்டிருந்தன. இருபது கிலோ மூட்டையோடு அதைக் கடக்க முடியாது என்று பார்த்ததுமே தெரிந்தது. கொண்டுவந்த சேலைகளை விரித்து, அரிசியைச் சின்னச் சின்னப் பொட்டலமாகப் பிரித்து முதுகில் கட்டினார்கள். தட்சிணாமூர்த்தி ஓரடி வைத்துவிட்டு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு திரும்பிவிட்டார்.

"எனக்கு மூச்சு வராது. நான் வண்டிகிட்ட இருக்கேன். நீங்க எத்தன தடவ வந்து எடுத்துட்டுப் போனாலும் நான் இங்கதான் இருப்பேன்" என்றார்.

வாழ்நாளெல்லாம் தலையில் கூடை சுமந்தவள் குப்பம்மா. இங்கே தலைச்சுமை ஆகாது. இரண்டு கையும் மண்ணைப் பிடிக்க வேண்டியிருந்தது. செருப்பைக் கழற்றி இடுப்பில் செருகிக்கொண்டு, உட்கார்ந்து உட்கார்ந்து நகர்ந்தாள். நடுவில் ஒரு இடத்தில் கால் முட்டி வரை உள்ளே போனது. எத்திராஜ் இழுத்துத் தூக்கினான்.

"அக்கா, திரும்பிடலாமா?"

"திரும்பிப் போயி அவ மூஞ்சில இன்னா சொல்றது? நட."

மேல்கொம்பையில் லைன் வீடுகள் இருந்த இடத்தில் பாதி வரிசை இல்லை. உயிரோடு இருந்தவர்கள் எல்லாரும் பள்ளிக்கூடத்துக்குள் இருந்தார்கள். ஒரே ஒரு ஹால். ஈர விறகு எரியாமல் புகைந்துகொண்டிருந்தது. வாசலில் வருகிறவர்களைப் பார்த்ததும் சிலர் அழ ஆரம்பித்தார்கள்.

குப்பம்மா ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே போனாள். மூலையில் ஒருத்தி கம்பளியைப் போர்த்திக்கொண்டு, படுத்திருந்த ஒரு ஆளுக்கு ஈரத் துணியை நெற்றியில் வைத்துக்கொண்டிருந்தாள். அகலமான நெற்றி, கொஞ்சம் தூக்கலான மேலுதடு. பெயர் கேட்கத் தேவையே இல்லை. வீட்டில் அந்த முகத்தைத்தான் தினமும் பார்க்கிறாள்.

"ஞானஜோதியா?" என்றாள். "நான் குணாவோட அம்மா. தாம்பரத்துலேந்து வரேன்."

ஞானஜோதி அவளை நிமிர்ந்து பார்த்தாள். சேற்றில் முக்கியெடுத்த சேலை, கலைந்த தலை. கல்யாணத்துக்கே வராத சம்பந்தி, இத்தனை மண்ணைத் தாண்டி இங்கே வந்து நிற்கிறாள் என்றால் அதற்கு ஒரே ஒரு காரணம்தான் அவளுக்குத் தோன்றியது. கையிலிருந்த துணி கீழே விழுந்தது.

"எம்புள்ளைக்கு என்ன ஆச்சு?" என்றாள். "சொல்லுங்க. எம்புள்ளைக்கு என்ன ஆச்சு?"

குப்பம்மாவுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் அவள் அப்படியே தரையில் உட்கார்ந்து ஞானஜோதியின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

"அவளுக்கு ஒண்ணும் ஆவல. நல்லா கீறா. வயித்துல புள்ள நல்லா கீது. ஒன்னத்தான் பாக்க வந்தேன். ஒன்னயும் அவங்க அப்பாவயும் பாத்துட்டு வரேன்னு சொல்லிட்டு வந்தேன்."

"நெசமாவா?"

"சத்தியமா."

ஞானஜோதி அந்தக் கைகளில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதாள். மண் சரிந்த நாளில் இருந்து அவள் அழவில்லை என்று பக்கத்தில் இருந்த பெண் சொன்னாள்.  தன்னைப் பார்த்ததும் ஒரு தாய்க்கு மகளின் சாவுதான் நினைவுக்கு வந்தது என்பது குப்பம்மாவுக்கு உறைத்தது. "நான் அன்னிக்கு வந்திருக்கணும்" என்றாள் கடைசியில். "கோயிலுக்கு வந்திருக்கணும்."

"அதை விடுங்க சம்பந்தி. இப்ப வந்திருக்கீங்கல்ல."

படுத்திருந்தவர்தான் அப்பா, தயாளன். பின் சுவர் விழுந்து முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்திருந்தது. யாரோ இரண்டு மரச்சட்டம் வைத்துக் கட்டியிருந்தார்கள். கால் வீங்கி, உடம்பு அனலாகக் கொதித்தது. காய்ச்சல் மாத்திரை கொடுத்தார்கள். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயே ஆக வேண்டும் என்று எல்லாருக்கும் தெரிந்தது. அந்த மண்ணைத் தாண்டி எப்படித் தூக்குவது என்றுதான் தெரியவில்லை.

அன்று முழுக்க எத்திராஜும் மற்றவர்களும் வண்டிக்கும் பள்ளிக்கூடத்துக்குமாக நடந்து சாமான் கொண்டுவந்தார்கள். உள்பாவாடை மூட்டையைப் பிரித்ததும் பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு, அதை எடுத்துக்கொண்டு சத்தமில்லாமல் பின்னால் போனார்கள். கருவாடுதான் வீணாகிவிடும் போலிருந்தது. நல்ல நெருப்பு இல்லை. "மூள இல்லாம தூக்கியாந்துட்டேன்" என்று குப்பம்மா வருத்தப்பட்டாள். சாயங்காலம் காய்ந்த பெஞ்சுப் பலகை ஒன்றை உடைத்து அடுப்பு மூட்டினார்கள். ஞானஜோதியே கருவாட்டைச் சுட்டு, கஞ்சிக்கு எல்லார் கையிலும் துண்டு துண்டாக வைத்தாள்.

"கப்பல்ல வந்தப்ப கடலைப் பார்த்தது. தலைமன்னார்ல ஏறி ராமேஸ்வரத்துல எறங்கினோம். சிலோன் தோட்டத்துல பொறந்து, இங்க வந்தும் தோட்டம்தான். அதுக்கப்புறம் கடலைப் பார்க்கவேயில்லை. எம்புள்ள கடல்கிட்ட வாக்கப்பட்டிருக்கான்னு நெனச்சுக்குவேன்" என்றாள் ஞானஜோதி.

"எங்க குப்பத்தயும் கடலு ஒரு நாளு வாரிகினு பூட்டுச்சு" என்றாள் குப்பம்மா. "அப்புறமும் அந்தக் கடல்லேந்து வர மீன வித்துதான் துன்னுறோம். இன்னா பண்றது."

மறுநாள் விடிந்ததும் இரண்டு மூங்கிலில் கம்பளியைச் சுற்றிக் கட்டி தயாளனைத் தூக்கினார்கள். மண் சரிவில் ஆண்கள் வரிசையாக உட்கார்ந்து, ஒருவர் மடியில் இருந்து அடுத்தவர் மடிக்கு அவரை நகர்த்தினார்கள். ஒவ்வொரு தடவையும் அவர் பல்லைக் கடித்துக்கொண்டு, "மன்னிச்சுக்குங்கப்பா" என்று அவர்களிடம் சொல்லிக்கொண்டே வந்தார். குப்பம்மா பக்கத்திலேயே தவழ்ந்து வந்தாள். "நீ இன்னாத்துக்கு மன்னிப்பு கேக்கற? சும்மா வா" என்று ஒருமையில் அதட்டிவிட்டு, சம்பந்தி ஆயிற்றே என்று நாக்கைக் கடித்துக்கொண்டாள். அவர் வலியிலும் சிரித்துவிட்டார்.

தட்சிணாமூர்த்தி சொன்னபடியே வண்டியோடு இருந்தார். இரவெல்லாம் குளிரில் முன் சீட்டில் குறுகிக் கிடந்ததில் அவருக்குத் தும்மல் பிடித்திருந்தது. பின்னால் காலியான சாக்குகளை மெத்தையாகப் போட்டு வைத்திருந்தார். முன் சீட்டைப் பெண்களுக்கு விட்டுவிட்டு, தயாளனின் தலையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்தார்.

ஒரு வளைவில் எத்திராஜின் போனில் டவர் கிடைத்தது. வண்டியை நிறுத்தினான். முதல் மணியிலேயே அமலராணி எடுத்தாள். ஞானஜோதி போனைக் காதில் வைத்துக்கொண்டாள். "அம்மாடி" என்றாள். அதற்கு மேல் இரண்டு பக்கமும் அழுகைதான். குப்பம்மா போனை வாங்கினாள்.

"ராணி. அழாதம்மா. ஒங்கம்மா என் பக்கத்துல குந்திகினு கீறாங்க. அப்பாக்குக் கால்லதான் அடி, ஆஸ்பத்திரிக்கு இட்டுகினு போறோம். நீ சாப்ட்டியா?"

கோவை ஆஸ்பத்திரியில் தயாளனின் காலில் கம்பி வைத்தார்கள். காலை எடுக்க வேண்டியிருக்குமோ என்று பயந்தது நடக்கவில்லை. குப்பம்மா அங்கேயே தங்கி, ஞானஜோதியோடு வராண்டாவில் படுத்து, டிசம்பரில் இரண்டு பேரையும் இரும்புலியூருக்கு அழைத்து வந்தாள்.

வீட்டில் இருந்தது ஒரே கட்டில். அதை தயாளனுக்குக் கொடுத்தார்கள். மாமனாரும் மருமகனும் ஆளுக்கொரு காலை நீட்டிக்கொண்டு பகலெல்லாம் கிரிக்கெட் பார்த்தார்கள். ஒருவருக்கு ரிமோட் எட்டாது, இன்னொருவருக்கு எழ முடியாது. "எனக்கு ஒரு மருமவள், ரெண்டு நொண்டி" என்று குப்பம்மா மார்க்கெட்டில் எல்லாரிடமும் சொல்லிச் சிரித்தாள். ஞானஜோதி மீன் ஆயக் கற்றுக்கொண்டாள். முதல் வாரம் விரலெல்லாம் முள் கிழித்தது. பங்குனி வெயிலில் பெண் குழந்தை பிறந்தது. பிரசவ வார்டு வாசலில் இரண்டு பாட்டிகளும் விழித்துக் கிடந்தார்கள்.

குழந்தை முகம் பார்த்துச் சிரிக்கும் வரை இருந்துவிட்டு, தயாளன் ஒரு நாள் ஊருக்குக் கிளம்ப வேண்டும் என்றார். மேல்கொம்பைக்காரர்களுக்கு வேறொரு சரிவில் தகரக் கொட்டகை போட்டுக் கொடுத்திருந்தார்கள். வீடு எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது.

"இங்கியே இருங்களேன்" என்றாள் குப்பம்மா. "திரும்ப மழ வராதா? அந்தத் தகரத்துக்குள்ள இன்னா கீது?"

"எங்க ஜனம் இருக்கு சம்பந்தி" என்றாள் ஞானஜோதி. "நாங்க இங்க சொகமா சோறு திங்கறோம். எங்களைத் தூக்கி வந்தவங்க எல்லாம் அங்க இருக்காங்க. கலெக்டர் ஆபீசுல போய் நிக்கணும்னா நாங்களும் கூட நிக்கணும்ல."

 அடுத்த நாள் குப்பம்மா பெரிய அலுமினியப் பாத்திரம் ஒன்றும், நல்ல கனமான தார்ப்பாய் ஒன்றும் வாங்கிக் கட்டி வைத்தாள்.

சித்திரை வெயில் தாழ்ந்த நேரத்தில் தாம்பரம் பஸ் நிறுத்தத்துக்கு எல்லாரும் வந்தார்கள். அமலராணி குழந்தையை அம்மாவின் கையில் கொடுத்து வாங்கினாள், மறுபடியும் கொடுத்து வாங்கினாள். குணா மாமனாருக்குப் படியேறக் கை கொடுத்தான். மூட்டைகளை மேலே வைக்கிறேன் என்று குப்பம்மா பஸ்சுக்குள் ஏறினாள். மூட்டையை வைத்தாள். ஞானஜோதியின் பக்கத்தில் ஒரு நிமிஷம் உட்கார்ந்தாள். தகரம் சுட்டால் மேலே கீற்றைப் பரப்பு, மழைக்கு முன்னால் எனக்குப் போன் போடு, அவர் காலுக்கு எண்ணெய் தடவு என்று சொல்லிக்கொண்டே போனாள். கண்டக்டர் விசில் அடித்தார். பஸ் நகர்ந்தது. அவள் எழுந்திருக்கவில்லை.

"யாரும்மா அது, டிக்கெட் எடுக்காத ஆளு?"

"வண்டலூர்ல எறங்கிடறேன்பா" என்றாள் குப்பம்மா. ஞானஜோதி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

வண்டலூரில் இறங்கி, பஸ் மறையும் வரை மிருகக்காட்சி சாலை வாசலில் நின்றாள். லீவு நாள் கூட்டம் பலூனும் பொரியுமாகக் கலைந்துகொண்டிருந்தது. அப்புறம் ரோட்டைக் கடந்து, தாம்பரம் பக்கம் போகிற ஷேர் ஆட்டோவுக்குக் கை காட்டினாள்.